விஞ்ஞானமும் வீடும்: குரலும் மூச்சும்

மங்காஃபில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், அலமாரியின் மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். திறந்து பார்த்தால் பழைய காஸெட்டுகள். சுப்ரபாதமும் திருப்புகழும் மேலாகத் தெரியும். அடியில், பால்பாயிண்ட் பேனாவால் "அப்பா பேசியது" என்றும் "பொங்கல், ஊரில்" என்றும் எழுதிய நாடாக்கள் நாலைந்து கிடக்கும். அப்பா இன்று இல்லாமல் இருக்கலாம். நாடாவில் மட்டும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னடா, சௌக்கியமா?" என்று ஆரம்பிப்பார்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவுக்கு வந்த தலைமுறைக்கு இந்த நாடாக்களின் அருமை தெரியும். கடிதம் எழுதிப் பதில் வர ஏறக்குறைய ஒரு மாதமாகும். டிரங்க் கால் போடலாமென்றால் கிராமத்து வீட்டில் போன் கிடையாது. மருந்துக் கடைக்காரர் வீட்டு நம்பரை 'பி.பி.' நம்பராகக் கொடுத்திருப்பார்கள். அங்கே மணி அடித்து, ஒரு பையன் ஓடிப் போய், அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே கழியும். ஆகவே நேஷனல் பானாசோனிக் பெட்டியின் முன் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அங்கிருந்தும் அப்படியே வரும்.

இப்போது கும்பகோணத்தில் பாட்டி போனைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னால், அடுத்த நொடி மங்காஃபில் பேரன் காதில் விழுகிறது. இடையில் என்ன நடந்தது? சாட்டிலைட்டும் கடலடிக் கம்பியும் வந்தன, உண்மைதான். ஆனால் அவற்றில் போக வேண்டிய குரலையே ஒரு கைப்பிடிக்குள் சுருக்கிக் கொடுத்த வித்தை ஒன்று உண்டு. அந்த வித்தையைக் கண்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நம் நாட்டுக்காரர். கான்பூரில் 1933ஆம் ஆண்டு பிறந்த பிஷ்ணு அடல். போனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அடலின் பெயர் பெரியவர்களுக்கே தெரியாதது ஒரு குறைதான்.

அடல் லக்னோ சர்வகலாசாலையில் பௌதிகம் படித்தவர். பிறகு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் தொடர்பு இயல் பயின்று 1955இல் தேறினார். அங்கேயே சில ஆண்டுகள் ஆசிரியராகவும் இருந்தார். 1961இல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1968இல் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் டாக்டர் பட்டம் பெற்றார். பெல் கூடத்தில் அவருக்கு வாய்த்த மூத்த சகா மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்னும் ஜெர்மானியர். இரண்டே ஒலிபெருக்கிகளை வைத்துக்கொண்டு, ஒலி பக்கவாட்டிலிருந்தும் வருவதுபோல் காதை நம்பவைக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு இருவரும் சேர்ந்து 1966இல் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய ஹெட்போன்களில் பெரிதாக விளம்பரம் செய்யப்படும் சூழொலி ஜாலங்களுக்கு அது ஒரு பாட்டனார் முறை.

குரல் விஷயத்துக்கு வருவோம். டெலிபோனில் குரலை எண்களாக மாற்றி அனுப்பும் முறையில், ஒலியலையை ஒரு நொடிக்கு 8,000 தடவை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவுக்கும் எட்டுத் துணுக்குகள் வீதம், நொடிக்கு 64,000 துணுக்குகள் கம்பியில் ஓட வேண்டும். துணுக்கு என்பது பூஜ்யமோ ஒன்றோ, அவ்வளவுதான். ஒரு ஆள் "ஹலோ" சொல்ல இத்தனை செலவா என்று கேட்டவர்கள் பலர். இதில் எவ்வளவு அவசியம், எவ்வளவு வீண் என்று கணக்குப் பார்த்தவர் அடல்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பழைய கடிதமே போதும். "இங்கு அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்" என்று தொடங்கும் முதல் நாலு வரியைப் படிக்காமலே சொல்லிவிடலாம். கடைசியில் மாமாவும் மாமியும் விசாரித்ததாக வருவதையும் சொல்லிவிடலாம். நடுவில் "நம்ம லட்சுமி கன்று போட்டிருக்கிறாள், காளைக்கன்று" என்று ஒரு வரி இருக்கும். செய்தி அதுதான். எதிர்பார்த்ததை எழுதாமல், எதிர்பாராததை மட்டும் எழுதினால் ஒரு கார்டே தாராளம்.

மனிதக் குரலும் இப்படித்தான். தொண்டை, நாக்கு, அண்ணம், உதடு எல்லாம் சதையும் எலும்பும் ஆனவை. ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் குதித்து வடிவம் மாற அவற்றால் முடியாது. ஐம்பதில் ஒரு நொடி நேரம் வாயின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த நேரத்துக்குள், முந்தைய பத்துப் பன்னிரண்டு அளவுகளை இன்னின்ன விகிதத்தில் கூட்டினால் அடுத்த அளவு எவ்வளவு என்று பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கலாம். அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் ஒரே ஊகத்தை வைத்துக்கொண்டால், ஊகம் தவறிய மிச்சத்தை மட்டும் அனுப்பினால் போதும். அடலும் ஷ்ரோடரும் 1967இல் இதை வெளியிட்டார்கள். அதே காலத்தில், 1966இல், ஜப்பானில் இடாகுரா, சைட்டோ என்ற இருவரும் தனியாக இதே கரையை வந்து தொட்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1971இல் அடலும் சூசன் ஹனவர் என்ற சக ஆராய்ச்சியாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, இந்தத் துறைக்கே அரிச்சுவடி ஆயிற்று. 1978இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஸ்பெல்லிங் கற்றுக்கொடுக்கும் பேசும் பொம்மை ஒன்று கடைக்கு வந்தது; அதன் தொண்டைக்குள் இருந்ததும் இந்தக் கணக்குத்தான்.

இதில் நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் ஒரு விசேஷம் உண்டு. இந்தக் கணக்குக்குப் பாஷை தெரியாது. அது படித்தது இலக்கணத்தை அல்ல, தொண்டையை. ஆகவே நியூ ஜெர்ஸியில் ஆங்கிலத்தை வைத்துச் செய்த வித்தை, நம் ழகரத்தையும் அரபியின் அடித்தொண்டை எழுத்துகளையும் ஒரே மரியாதையுடன் நடத்துகிறது.

ஆனால் ஒரு குறை இருந்தது. மிகவும் சுருக்கினால் குரல் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஆகிவிடும். பேசுகிறவர் யாரென்று தெரியாது. செய்தி புரிகிறது, அம்மா தெரியவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? இந்த முடிச்சை அவிழ்க்க அடலுக்கும் ஷ்ரோடருக்கும் மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1985இல் அமெரிக்காவின் டாம்பா நகரில் நடந்த மாநாட்டில் அவர்கள் சொன்ன விடை, தந்தி ஆபீஸ் பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.

நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோகும்வரை, வாழ்த்துத் தந்திக்கு ஒரு வசதி இருந்தது. தீபாவளி வாழ்த்து, கல்யாண வாழ்த்து, பரீட்சையில் தேறியதற்கு வாழ்த்து என்று வாக்கியங்களை அச்சடித்து நம்பர் போட்டிருப்பார்கள். நம்பரைக் குறித்துக் கொடுத்தால் போதும். கம்பியில் நம்பர்தான் போகும். அந்தப் பக்கத்துத் தந்தி ஆபீஸில் அதே பட்டியல் இருப்பதால் முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடல், ஷ்ரோடர் செய்ததும் இதுவே. ஊகம் தவறிய மிச்சம் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்று 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு பட்டியல். இரு முனையிலும் அதே பட்டியல். இருநூறில் ஒரு நொடிக்கு ஒரு தடவை, பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் போட்டுப் பார்த்து, அசல் குரலுக்கு மிக நெருங்கிய மாதிரியின் நம்பரை மட்டும் அனுப்புவது. நொடிக்கு 64,000 துணுக்குகள் போன இடத்தில் 5,000த்துக்கும் குறைவாகப் போயிற்று. குரலும் குரலாகவே இருந்தது.

அன்றைக்கு இது சாமானியர் வாங்கக்கூடிய சரக்கல்ல. உலகின் மிக வேகமான கம்ப்யூட்டர்களில் ஒன்றான க்ரே-1இல் போட்டுப் பார்த்தபோது, ஒரு நொடிப் பேச்சைச் சுருக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. இது எந்தக் காலத்தில் டெலிபோனுக்குள் போவது என்று சிரித்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கட்டைவிரல் நகம் அளவுச் சில்லுக்குள் போய்விட்டது. குவைத்துக்கு 1994இல் டிஜிட்டல் செல்போன் வந்தபோது அதில் இருந்தது, இந்த ஊகக் கணக்கைச் சேர்ந்த ஒரு முறை. நொடிக்கு 13,000 துணுக்குகள். அடுத்து வந்த செல்போன்களில் பட்டியல் முறையே உட்கார்ந்துகொண்டது. இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி 'ஓபஸ்' என்ற முறையில் சுருக்கப்படுகிறது. 2012இல் தரப்படுத்தப்பட்ட அதிலும் பேச்சுக்கான பாதி, அடல் காட்டிய பாதைதான். 2003இல் அவருக்குப் பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம் அளித்துச் சிறப்பித்தார்கள்.

சங்கீதத்துக்கும் இவர்கள் செய்த உதவி ஒன்று உண்டு. கல்யாணத்தில் தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் கொட்டச் சொல்வது எதற்காக? யாராவது தும்மினாலும், அபசகுனமாக ஒரு வார்த்தை சொன்னாலும் காதில் விழாமல் இருக்கத்தான். பெரிய ஒலி ஒன்று இருக்கும்போது அதை ஒட்டிய சிறிய ஒலியைக் காது கேட்பதில்லை. சுருக்குவதால் உண்டாகும் இரைச்சலை அழிக்க முடியாவிட்டாலும், குரலின் கெட்டிமேளத்துக்கு அடியில் ஒளித்து வைக்கலாம் என்று ஷ்ரோடர், அடல், ஹால் ஆகிய மூவரும் 1979இல் ஒரு கட்டுரையில் செய்து காட்டினார்கள். பின்னால் ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் மற்றவர்களும் எம்.பி.3 முறையை உருவாக்கியபோது இந்தக் கெட்டிமேள உத்தியைத்தான் முழுமூச்சாகப் பயன்படுத்தினார்கள். ஒரு பென் டிரைவில் ஆயிரம் பஜனைப் பாடல்கள் அடங்குவது அதனால்தான்.

ஊர்த் திருவிழாவின் நாதஸ்வரத்தை மைத்துனர் செல்போனை உயர்த்திப் பிடித்துக் கேட்கச் செய்யும்போது, அது கொப்பளிக்கிற சத்தமாக இங்கே வந்து சேர்வதை அன்பர்கள் அனுபவித்திருப்பார்கள். பலர் சிக்னலைத் திட்டுகிறார்கள். பாவம், சிக்னல்மேல் குற்றமில்லை. போனிலுள்ள கணக்கு, வருவது மனிதத் தொண்டை என்று நம்பி வேலை செய்கிறது. சீவாளிக்கும் தவிலுக்கும் தொண்டை கிடையாது.

இங்கேதான் அந்த அட்டைப்பெட்டி ஞாபகத்துக்கு வர வேண்டும். பழைய நாடாக்களை எண்முறைக்கு மாற்றிவிடலாம் என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. நல்ல காரியம், சீக்கிரம் செய்ய வேண்டிய காரியம். இந்த ஊர் வெக்கையில் நாடாவின்மேல் பூசிய காந்தப்பொடி நெடுநாள் நிற்காது. ஆனால் டேப்பை ஓடவிட்டு, பக்கத்தில் போனை வைத்துக் குரல் செய்தியாகப் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அது மட்டும் வேண்டாம். போனில் இரைச்சல் நீக்கும் ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. அதுவும் குரல் சுருக்கமும் சேர்ந்து, பேச்சு அல்லாததையெல்லாம் செய்தியல்ல என்று தள்ளிவிடும் அல்லது சிதைத்துவிடும். அப்பா பேசும்போது பின்னால் கத்தும் காக்கை, கிணற்று உருளையின் கிறீச்சிடல், அடுக்களையிலிருந்து அம்மா "நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்கோ" என்பது, சாயரட்சை மணி எல்லாம் அப்படிப் போய்விடும். அந்தக் கிணறும் இப்போது இல்லை, அடுக்களையும் இல்லை.

டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, சுருக்காத 'வேவ்' கோப்பாக, நொடிக்கு 44,100 அளவுகள் வீதம், பதினாறு துணுக்கில் பதிய வேண்டும். ஒரு மணி நேர நாடா ஒற்றைத் தடத்தில் முந்நூறு மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். இன்றைக்கு அது ஒரு இடமே அல்ல. அதை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டு, உறவினருக்கு அனுப்ப எம்.பி.3யாகத் தனியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். அடலே சொல்லியிருந்தாலும், அப்பாவின் குரலில் எது வீண் என்று இயந்திரம் தீர்மானிக்கக் கூடாது.

குரல் உள்ளே வர வழி பிறந்துவிட்டது. காற்று விஷயம் நேர்மாறு. அதை உள்ளே விடாமல் இருக்கவே இங்கு ஜன்னலை அடைக்கிறோம். ஷமால் வீசும் நாட்களில், அரபியர் 'தூஸ்' என்னும் தூசிப்படலம் எழுந்தால் எதிர்க் கட்டடம் தெரியாது. 2011 மார்ச் 25ஆம் தேதி பட்டப்பகலில் சுவர்போல் எழுந்துவந்து நகரையே இருட்டாக்கிய படலத்தை அன்று இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கும் முந்தியவர்கள் 1991ஐ நினைப்பார்கள். அறுநூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்து, கடைசிக் கிணறு நவம்பர் 6ஆம் தேதி அணைக்கப்படும்வரை அகமதிப் பக்கத்து வானம் கறுத்துக் கிடந்தது.

காற்றைச் சுத்தப்படுத்தும் பெட்டிகள் இப்போது ஃபஹாஹீல் கடைகளில் அடுக்கி வைத்திருக்கின்றன. விலையும் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. இத்துறையிலும் நம் நாட்டு என்ஜினீயர் ஒருவரின் பெயர் அடிபட்டது. டில்லி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் ஆபர்ன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்ற யோகி கோஸ்வாமி. சூரிய சக்தி ஆராய்ச்சியில் உலகறிந்தவர். பின்னாளில் அவர் பேராசிரியராக இருந்ததும் அதே டாம்பா நகரில்தான் என்பது தற்செயல். தன் குழந்தை மகனின் ஒவ்வாமையும் இழுப்பும் தாங்காமல் அவர் இதில் இறங்கினார் என்பார்கள். டைட்டேனியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியின்மேல் புற ஊதாக் கதிர் பட்டால், அதைத் தொடும் கிருமியும் நாற்ற வாயுவும் சிதைந்துபோகும். 1972இல் ஜப்பானியர் புஜிஷிமாவும் ஹோண்டாவும் அந்தப் பொருளின் ஒளிவினையை வெளியிட்டதிலிருந்து பலர் ஆராய்ந்த வழி இது. கோஸ்வாமி அதை வீட்டுக் காற்றுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய மகனும் மகளும் 'மாலிக்யூல்' என்ற கம்பெனி தொடங்கி 2016இல் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புகழ் குவிந்தது, விலையும் அப்படியே. பிறகு மற்றவர்கள் சோதித்துப் பார்த்ததில், தூசியையும் புகையையும் பிடிப்பதில் அதைவிட மலிவான பெட்டிகள் நன்றாக வேலை செய்தன. விளம்பரத்தில் சொன்ன பலவற்றைக் கைவிடும்படி அமெரிக்க விளம்பரத் துறையின் கண்காணிப்பு அமைப்பு 2019இல் பரிந்துரைத்தது. 2023இல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. கோஸ்வாமியின் விஞ்ஞானம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு தகப்பனின் கவலையில் பிறந்த நல்ல யோசனை, சந்தைக்கு வந்தபோது தன் சக்திக்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் பெட்டி வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

மலிவுப் பெட்டிக்குள் இருப்பது 'ஹெப்பா' என்னும் மடிப்பு வடிகட்டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணு ஆராய்ச்சிக்காகப் பிறந்தது. இதைச் சல்லடை என்று நினைப்பது தவறு. தேரோடும் வீதியை நினைத்துக்கொண்டால் சரியாகப் புரியும். பெரிய தூசி தேரைப்போல. வந்த வேகத்தில் முனையில் திரும்ப முடியாமல் நார்மேல் மோதி நின்றுவிடும். மிக நுண்ணிய தூசி, திருவிழாவில் கைவிட்ட குழந்தையைப்போல. அங்குமிங்கும் அலைந்து எதிலாவது முட்டி ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுத்தரமானதுதான் சாமர்த்தியசாலி, கூட்டத்தில் நழுவப் பார்க்கும். அந்த நடுத்தரம் ஒரு மைக்ரானில் பத்தில் மூன்று பங்கு. தலைமயிரின் கனத்தில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கடினமான அளவிலேயே நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடித்தால்தான் அமெரிக்க முறைப்படி ஹெப்பா என்று பெயர். பெட்டியின்மேல் "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் வாங்காமல் நகர்வது நலம்.

அதற்கும் கையில் காசில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இரு அமெரிக்கர்கள், ஏ.சி.யில் போடும் உயர்ரக வடிகட்டிகள் நாலைந்தைச் சதுரமாக ஒட்டி, மேலே ஒரு பெட்டி ஃபேனை வெளிப்புறம் பார்த்து வைத்தால் போதுமென்று காட்டிக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வகுப்பறைகளில் பிள்ளைகளே செய்தார்கள். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

நம் வீடுகளில் தூசி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊதுவத்தியும் சாம்பிராணியும் கற்பூரமும் எரியும்போது வருவது நுண்ணிய புகைத்துகள்தான். ஊரில் முற்றம் வைத்த வீட்டில் அது மேலே போய்விடும். இங்கே ஜன்னல் அடைத்து, ஏ.சி. அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் இரண்டறை வீட்டில் எங்கே போகும்? ஐந்து ஊதுவத்திக்குப் பதில் ஒன்று, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு தீபாராதனை, இழுப்பு உள்ள குழந்தையை அந்நேரம் அடுத்த அறையில் வைப்பது. இதனால் பக்தி குறையாது. தூசியில்லாத நாளில் காலையில் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறப்பதும் அவசியம். ஏனெனில் ஹெப்பா துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது.

வாயுவைப் பிடிக்காது என்பது சாதாரண விஷயமல்ல. 2024 ஜூன் 12ஆம் தேதி விடியற்காலை, இதே மங்காஃபில் தொழிலாளர் குடியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து ஐம்பது பேரளவில் மாண்டார்கள். நாற்பத்தைந்து இந்தியரின் உடல்களை விமானப்படை விமானம் கொச்சிக்கு எடுத்துச் சென்றது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, தூக்கத்தில் சூழ்ந்த புகை. தீயில் எழும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எத்தனை விலை கொடுத்த பெட்டியும் அதன் முன் ஒன்றும் செய்யாது. அந்த நேரத்தில் ஆளைக் காப்பது, கூரையில் ஒட்டியிருக்கும் சிறிய புகை எச்சரிக்கைக் கருவியும், சாமான் அடைக்காத மாடிப்படியும்தான்.

சாம்பிராணி போடும்போதெல்லாம் அலறுகிறதே என்று அந்தக் கருவியின்மேல் பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கும் வீடுகள் உண்டு. வெள்ளிக்கிழமை மாட்டியது சனிக்கிழமை ஞாபகம் வருவதில்லை. இந்த இதழைக் கையில் வைத்திருப்பவர் இப்போதே எழுந்து, நாற்காலி போட்டு, அதைக் கழற்றிவிடலாம்.